மூன்று நட்சத்திரப் பையனுக்கு என்ன மதிப்பு?

அமெரிக்காவில் 'ஃபுட்பால்' என்றால் காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. இரண்டு முனையும் கூராக இருக்கும் ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது, எறிவது, அப்படி ஓடுகிறவனை மடக்கித் தரையில் சாய்ப்பது.. இதுதான் ஆட்டம். ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்புகள். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். விதி இவ்வளவுதான். சிக்கலெல்லாம் ஆட்டத்தில்தான்!

இந்த ஆட்டத்தில் பந்தைத் தடுக்கும் அணியின் நடுவில் நிற்பவர்தான் லைன்பேக்கர். அவருக்கு முன்னால் மலை மலையாக நான்கு பேரோ மூன்று பேரோ முன்வரிசையில் இருப்பார்கள். அவருக்குப் பின்னால் வேகமாக ஓடக்கூடிய ஒல்லியான ஆட்கள் இருப்பார்கள். நடுவில் இருக்கும் லைன்பேக்கர் இரண்டு வேலையும் செய்ய வேண்டும். எதிரி பந்தோடு ஓடி வந்தால் மோதி நிறுத்த வேண்டும். பந்தை எறிந்தால் பின்னால் ஓடி, அதைப் பிடிக்க வருபவனைக் காக்க வேண்டும். ஓட்டமா, எறிதலா என்று முடிவெடுக்க அவருக்குக் கிடைப்பது ஒரு நொடிக்கும் குறைவான நேரம்.

இப்போது கேள்வி இது. 16 வயதுப் பையன் ஒருவன் பள்ளி அணியில் லைன்பேக்கராக நன்றாக ஆடுகிறான். இன்னும் மூன்று வருடம் கழித்து, தன்னைவிடப் பெரிய, வேகமான ஆட்களுக்கு எதிராகக் கல்லூரி அணியிலும் அவன் நன்றாக ஆடுவானா? இதை இன்றைக்கே எப்படிச் சொல்வது?

கேட்கச் சாதாரணமாக இருந்தாலும், இந்த ஒரு கேள்வியை நம்பி ஒரு பெரிய தொழிலே நடக்கிறது.

கூட்டமும் வாசலும்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஒவ்வொரு வருடமும் சுமார் 10 லட்சம் மாணவர்கள் ஃபுட்பால் ஆடுகிறார்கள். இவர்களில் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏவின் ஏதாவது ஒரு பிரிவில் ஆடப்போகிறவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். முதல் பிரிவு என்று பார்த்தால் நூற்றுக்கு மூன்று பேர். அந்த முதல் பிரிவிலும் மேல்தட்டில் இருப்பவை 130க்கும் சற்று அதிகமான கல்லூரிகள். ஒரு கல்லூரி ஒரே சமயத்தில் 85 ஆட்டக்காரர்களுக்குத்தான் உதவித்தொகை கொடுக்கலாம் என்று நெடுங்காலம் விதி இருந்தது. 2025இல் அந்த விதி மாறி, வருமானப் பங்கீட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அணியில் மொத்தம் 105 பேர் என்ற வரம்பு வந்தது.

ஆக, கூட்டம் பெரிது, வாசல் சிறிது. உள்ளே போகிறவனுக்குப் படிப்புச் செலவு முழுவதும் மிச்சம். அமெரிக்கக் கல்லூரியில் நான்கு வருடக் கட்டணம் என்பது ஒரு நடுத்தரக் குடும்பத்தைக் கடனில் மூழ்கடிக்கக்கூடிய தொகை. அதனால் மதிப்பெண் போடுகிறவர் பேனாவைத் தூக்கும்போது ஒரு வீட்டின் வரவு செலவே அந்தப் பேனா முனையில் நிற்கிறது.

மதிப்பெண் போடுவது யார்? முதலில் கல்லூரிப் பயிற்சியாளர்கள். அவர்களுக்கு வெளியே, இதற்கென்றே இருக்கும் நிறுவனங்கள். ரைவல்ஸ், இஎஸ்பிஎன், 247ஸ்போர்ட்ஸ், ஆன்3 என்று பெயர்கள். இவை பையன்களுக்கு ஐந்து நட்சத்திரம், நான்கு நட்சத்திரம் என்று ஹோட்டலுக்குக் கொடுப்பதுபோலக் கொடுக்கின்றன :-) 247ஸ்போர்ட்ஸ் கணக்கில், நாடு முழுவதற்கும் சேர்த்து ஒரு வருடத்தில் ஐந்து நட்சத்திரம் வாங்குவது சுமார் 32 பேர். தொழில்முறை லீகான என்எஃப்எல் ஆள் எடுக்கும்போது முதல் சுற்றில் 32 இடங்கள். அதை மனதில் வைத்துப் போட்ட எண்ணிக்கை இது.

எதைப் பார்க்கிறார்கள்?

ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஒஹையோ மாநிலத்துச் சின்ன ஊர் ஒன்று. 11ஆம் வகுப்பு. உயரம் 6 அடி 1 அங்குலம். எடை 205 பவுண்டு, அதாவது 93 கிலோ. போன வருடம் தன் அணியிலேயே அதிகம் பேரை மடக்கியவன்.

கடைசி வரியைப் படித்ததும் அவன் பெரிய ஆள் என்று தோன்றும். மதிப்பிடுகிறவர் அந்த வரியைத்தான் கடைசியாகப் பார்ப்பார். ஏனென்றால் எத்தனை பேரை மடக்கினான் என்ற எண், எதிரணி யார் என்பதைச் சொல்லாது. ஓடி வந்தவனை ஒரு கஜத்தில் மடக்கினானா, எட்டு கஜம் ஓடவிட்டுப் பிடித்தானா என்பதையும் சொல்லாது. எட்டு கஜம் கழித்துப் பிடித்தாலும் கணக்கில் ஒன்றுதான்!

முதலில் உடம்பு. இன்றைய எடை முக்கியமல்ல, அந்த எலும்புக்கூடு இன்னும் எவ்வளவு தாங்கும் என்பதுதான் முக்கியம். தோள் அகலம், கை நீளம், இடுப்பு, கணுக்கால் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். 205 பவுண்டில் இருக்கும் பையன் வேகம் குறையாமல் 230 பவுண்டுக்குப் போக முடியுமா? 16 வயதிலேயே முழு ஆணாக வளர்ந்துவிட்ட பையன்களும் உண்டு. அவர்கள் பள்ளி மைதானத்தில் மற்றவர்களைப் பந்தாடுவார்கள். ஆனால் அவர்களுக்கு இனி வளர இடமில்லை. தாமதமாக வளரும் பையன் இன்றைக்குச் சாதாரணமாகத் தெரிவான், மூன்று வருடத்தில் அவனைத் தாண்டிப் போய்விடுவான். பிறந்த தேதியையும் அப்பா அம்மாவின் உயரத்தையும் விசாரிப்பது இதனால்தான்.

இரண்டாவது வேகம். 40 கஜ ஓட்டம்தான் எல்லோருக்கும் தெரிந்த சோதனை. லைன்பேக்கர் ஒருவன் 4.6 நொடியில் ஓடினால் புருவம் உயரும். ஆனால் பையன்கள் தாங்களே சொல்லும் நேரத்தை யாரும் நம்புவதில்லை. மீன் பிடித்தவன் சொல்லும் மீனின் நீளம் மாதிரிதான் அது. அதனால் பள்ளித் தடகளப் போட்டியில் மின்னணுக் கடிகாரத்தில் பதிவான 100 மீட்டர் நேரம், குண்டெறிதல் தூரம் இவற்றைத் தேடிப் பார்க்கிறார்கள். இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு பக்கம் 5 கஜம் ஓடி, திரும்பி 10 கஜம் ஓடி, மறுபடி திரும்பி 5 கஜம் ஓடுவது. நேராக ஓடுவதைவிட லைன்பேக்கருக்கு இதுதான் தேவை. ஆட்டத்தில் 40 கஜம் நேர்கோட்டில் ஓடும் சந்தர்ப்பம் அவனுக்கு அபூர்வம். நின்று, திரும்பி, மறுபடி பாய்வதுதான் தினசரி வேலை.

மூன்றாவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது, வீடியோ. பையன்கள் தங்கள் ஆட்டத்தின் சிறந்த காட்சிகளைத் தொகுத்து அனுப்புவார்கள். அதில் எல்லோரும் மாவீரர்கள்தான்! அனுபவமுள்ள பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டு, "முழு ஆட்டம் ஒன்று அனுப்பு" என்பார். முழு ஆட்டத்தில்தான் உண்மை தெரியும்.

அதில் அவர் பார்ப்பது பந்தை அல்ல, பையனின் கால்களை. ஆட்டம் தொடங்கியதும் முதல் அடி எந்தப் பக்கம் வைக்கிறான்? எதிரணி முன்வரிசையில் 'கார்டு' என்று இருவர் உண்டு. அவர்கள் எந்தப் பக்கம் நகர்கிறார்களோ, பெரும்பாலும் ஓட்டமும் அந்தப் பக்கம்தான் வரும். அவர்கள் பின்வாங்கி நிமிர்ந்தால் பந்து எறியப்படப் போகிறது. இந்தக் குறிப்பைப் படித்து முதல் அடியைச் சரியாக வைப்பவன், தன்னைவிட வேகமானவனுக்கும் முன்னால் போய்ச் சேருவான். தவறான அடி ஒன்று வைத்துவிட்டு வேகத்தால் சமாளிப்பவன் பள்ளியில் பிழைத்துக்கொள்வான். கல்லூரியில் எல்லோருமே வேகம் என்பதால் அங்கே அது எடுபடாது.

அடுத்தது, 300 பவுண்டு ஆசாமி தன்னைத் தள்ள வரும்போது அவன் கை என்ன செய்கிறது என்பது. கையை நீட்டி அவனைத் தள்ளி நிறுத்தி, பிறகு விலக்கிவிட்டுப் போகிறானா? அல்லது மோதலைத் தவிர்க்கச் சுற்றிக்கொண்டு ஓடுகிறானா? சுற்றிக்கொண்டு ஓடினால் அவன் விட்டுவிட்ட இடத்தில்தான் ஓட்டக்காரன் புகுந்து போவான்.

பிறகு மடக்கும் விதம். தலையை நிமிர்த்தி, தோளால் மோதி, கையைச் சுற்றிப் போட்டு, காலை ஓட்டிக்கொண்டே போக வேண்டும். தலையைக் குனிந்து மோதுகிறவனைக் கண்டால் நல்ல பயிற்சியாளர் குறிப்பேட்டில் கறுப்பு மை வைப்பார். அது அவன் கழுத்துக்கே ஆபத்து. 2013லிருந்து எதிரியின் தலையைக் குறிவைத்து மோதினால் கல்லூரி ஆட்டத்தில் வெளியேற்றம் வேறு.

கடைசியாக, பின்னால் ஓடிக் காப்பது. முன்காலத்தில் லைன்பேக்கர் என்றால் கனத்த உடம்பு, முரட்டு மோதல். இப்போது கல்லூரி அணிகள் ஆட்டக்காரர்களை மைதானத்தின் அகலம் முழுக்கப் பரப்பி நிறுத்தி, சடசடவென்று பந்தை எறிகின்றன. இடுப்பைத் திருப்பத் தெரியாத கனத்த ஆளுக்கு இங்கே வேலை குறைந்துவிட்டது. 20 வருடத்துக்கு முன்னால் 'பொடியன்' என்று ஒதுக்கப்பட்டிருக்கக்கூடிய நம் ஒஹையோ பையனைத்தான் இன்றைக்குத் தேடுகிறார்கள்.

இதெல்லாம் முடிந்தபின் மதிப்பெண் பட்டியல். விளையாட்டு மதிப்பெண் அல்ல, படிப்பு மதிப்பெண்! முதல் பிரிவில் ஆட 16 அடிப்படைப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும், அவற்றில் 4க்கு 2.3 சராசரி வேண்டும். அது இல்லையென்றால் 4.5 நொடி ஓடினாலும் பிரயோசனமில்லை.

கணக்கு எங்கே பிசகுகிறது?

இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தும் தவறுகிறார்களா? தவறுகிறார்கள். அதுவும் லைன்பேக்கர் விஷயத்தில் நிறையவே.

கலிபோர்னியாவின் ஆன்டேரியோ ஊர்ப் பள்ளி ஒன்றில் ஆடிய பாபி வாக்னருக்கு உதவித்தொகை தருவதாகச் சொன்ன கல்லூரி ஒன்றே ஒன்று, யூட்டா ஸ்டேட். பிறகு 2012இல் சியாட்டில் அணி அவரை எடுத்தது. என்எஃப்எல்லின் ஆண்டுச் சிறந்த அணியில் ஆறு முறை முதலிடத்தில் தேர்வானார்.

கலீல் மேக் கதை இன்னும் சுவாரசியம். புளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸ் ஊர்க்காரர். அவருக்குக் கூடைப்பந்துதான் முதல் ஆசை. முழங்கால் காயத்துக்குப் பிறகு தாமதமாகத்தான் ஃபுட்பாலுக்கு வந்தார். அதனால் காட்டுவதற்கு வீடியோவே அதிகம் இல்லை. மேல்தட்டுக் கல்லூரிகளில் அழைத்தது பஃபலோ மட்டும். கல்லூரி ஃபுட்பால் வீடியோ கேம் ஒன்றில் அவருக்கு 46 என்று மதிப்பு போட்டிருந்தார்கள். அவர் அந்த 46ஐயே சட்டை எண்ணாகப் போட்டுக்கொண்டு ஆடினார்! 2014இல் ஐந்தாவது ஆளாக ஓக்லண்ட் அணி எடுத்தது. 2016இல் என்எஃப்எல்லின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது.

லூக் கீக்லி சின்சினாட்டியில் படித்த மூன்று நட்சத்திரப் பையன். பாஸ்டன் காலேஜில் 2011இல் ஒரே பருவத்தில் 191 முறை மடக்கினார். 2013இல் அதே என்எஃப்எல் விருது அவருக்கு.

இந்தக் கதைகளைக் கேட்டதும் நட்சத்திரமெல்லாம் வெறும் ஏமாற்று என்று சொல்லத் தோன்றும். அவசரப்படக் கூடாது. ஐந்து நட்சத்திரப் பையன் என்எஃப்எல் வரை போகும் வாய்ப்பு, மூன்று நட்சத்திரப் பையனின் வாய்ப்பைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் ஐந்து நட்சத்திரக்காரர்கள் வருடத்துக்கு முப்பது சொச்சம் பேர். மூன்று நட்சத்திரக்காரர்களோ ஆயிரக்கணக்கில். சிறிய விகிதம் பெரிய கூட்டத்தைப் பெருக்கும்போது வரும் எண் பெரிதாக இருக்கும். அதனால்தான் என்எஃப்எல்லில் மூன்று நட்சத்திரக்காரர்கள் நிறையத் தென்படுகிறார்கள். நட்சத்திரம் கூட்டத்தைப் பற்றிச் சொல்வது உண்மை, தனி ஒரு பையனைப் பற்றிச் சொல்வது ஊகம். இரண்டையும் குழப்பிக்கொள்ளும்போதுதான் தகராறு.

லைன்பேக்கரில் ஊகம் அதிகம் தவற ஒரு காரணமும் உண்டு. பந்து பிடிப்பவனின் திறமையில் பெரும்பகுதி காலிலும் கையிலும் இருக்கிறது, அதை அளந்துவிடலாம். லைன்பேக்கரின் திறமையில் பாதி கண்ணிலும் மூளையிலும் இருக்கிறது. எதிரணி அசைவதற்கு முன்பே அதைப் படித்துவிடும் புத்தியை அளக்க இன்னும் கடிகாரம் வரவில்லை.

பையனும் மதிப்பிடுகிறான்

இந்தச் சந்தையில் விற்பனைப் பொருளுக்கு வாயும் உண்டு. அது திருப்பிக் கேள்வி கேட்கும்.

2015 பிப்ரவரியில் ஜார்ஜியா மாநிலத்து மான்டசூமா ஊர் லைன்பேக்கர் ரோக்வன் ஸ்மித், தொலைக்காட்சியில் யுசிஎல்ஏவைத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தார். ஆனால் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை அனுப்பவில்லை. தன்னை அழைத்த தடுப்பாட்டப் பயிற்சியாளர் என்எஃப்எல் வேலைக்குக் கிளம்புகிறார் என்ற செய்தி அதற்குள் வந்துவிட்டது. கடைசியில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்போதும் ஆட்டக்காரரை ஒரு வருடம் கட்டிப்போடும் அந்தத் தேசியக் கடிதத்தில் கையெழுத்திடவில்லை, உதவித்தொகைக் காகிதத்தில் மட்டும் போட்டார். பயிற்சியாளர் வேலை மாறலாம், பையன் மாறக் கூடாது என்ற ஒருதலை ஒப்பந்தத்தை 17 வயதுப் பையன் ஒருவன் படித்துப் பார்த்து மறுத்தது அன்றைக்குப் பெரிய செய்தி. 2017இல் கல்லூரியின் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது அவருக்குக் கிடைத்தது. அந்தத் தேசியக் கடிதமே 2024இல் ஒழிக்கப்பட்டது.

அதற்குப் பிறகு நிறைய மாறிவிட்டது. 2021 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். அதே வருடம், ஒரு முறை கல்லூரி மாறினால் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும் என்ற தண்டனையும் போனது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, கல்லூரியே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் வருடத்துக்கான உச்சவரம்பு, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

நல்லதுதானே என்று தோன்றும். உழைப்பவனுக்குக் கூலி கிடைப்பது நல்லதுதான். ஆனால் இதில் நம் ஒஹையோ பையனுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. கல்லூரிப் பயிற்சியாளர் இப்போது இப்படி யோசிக்கிறார்: 'மூன்று வருடம் சோறு போட்டு வளர்த்தால் இவன் லைன்பேக்கர் ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஆனால் இன்னொரு கல்லூரியில் இரண்டு வருடம் ஆடி நிரூபித்த 20 வயதுக்காரனைப் பணம் கொடுத்து இப்போதே எடுக்கலாமே!' வளரும் செடியை வாங்குவதைவிடக் காய்த்த மரத்தை வாங்குவது அவருக்கு லாபம். தாமதமாக வளரும் பையனுக்கு வேண்டியது பொறுமை. சந்தையில் இன்றைக்கு விலை ஏறிப்போன சரக்கும் அதுதான்.

இல்லாத ஒரு பத்தி

மதிப்பீட்டுத் தாளில் உயரம் இருக்கிறது, எடை இருக்கிறது, வேகம், கை நீளம், பாட மதிப்பெண், பயிற்சியாளரின் கருத்து எல்லாம் இருக்கிறது. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் சொத்து என்று எழுதினால் அதன் பக்கத்தில் தேய்மானம் என்று ஒரு பத்தி வேண்டும். இயந்திரத்துக்கு உண்டு, லாரிக்கு உண்டு. இந்தத் தாளில் மட்டும் இல்லை.

லைன்பேக்கர் என்பவன் ஒவ்வொரு ஆட்டத்திலும் பலமுறை தானே ஓடிப்போய் மோதுகிறவன். ஜூனியர் சியாவ் என்ற புகழ்பெற்ற லைன்பேக்கர் 20 பருவங்கள் என்எஃப்எல்லில் ஆடினார். 2012இல் 43 வயதில் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தார். அவர் மூளையைச் சோதித்தவர்கள், திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதோடு தொடர்புடைய சிடிஇ என்ற மூளைச் சிதைவு இருந்ததாக 2013இல் அறிவித்தார்கள். மேலே சொன்ன லூக் கீக்லி, மூளை அதிர்ச்சியால் பல ஆட்டங்களைத் தவறவிட்டவர். 2020 ஜனவரியில் 28 வயதில், உச்சத்தில் இருக்கும்போதே ஓய்வு பெற்றார்.

மூன்று நட்சத்திரம் என்று போட்டவர்கள் கீக்லி எவ்வளவு நன்றாக ஆடுவார் என்பதைத்தான் தவறாகக் கணித்தார்கள். அவர் எவ்வளவு காலம் ஆடலாம், அதற்கு என்ன கொடுக்க வேண்டியிருக்கும் என்று யாரும் கணிக்கவே இல்லை. அது அவர்கள் வேலையும் அல்ல. கல்லூரி நான்கைந்து வருட ஆட்டத்தை வாங்குகிறது. அதற்குப் பிந்தைய 50 வருடம் பையனின் கணக்கில்.

அதனால் ஒஹையோ பையனின் வீட்டு வாசலில் பயிற்சியாளர் வந்து நிற்கும் நாளில், அவன் அம்மா கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. முதல் வருடமே முழங்கால் போய்விட்டால் உதவித்தொகை தொடருமா? தலையில் அடிபட்டால் ஆடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது மருத்துவரா, பயிற்சியாளரா? போன ஐந்து வருடத்தில் இங்கே சேர்ந்த லைன்பேக்கர்களில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள்? நீங்கள் எத்தனை வருடம் இங்கே இருப்பீர்கள்?

இந்த நான்குக்கும் நேராகப் பதில் சொல்கிற கல்லூரி பெரிய பெயர் இல்லாததாக இருந்தாலும் பரவாயில்லை, அங்கே போகலாம். பாபி வாக்னர் போன யூட்டா ஸ்டேட்டும் கலீல் மேக் போன பஃபலோவும் பெரிய பெயர்கள் அல்ல. பதில் சொல்லாமல் மைதானத்தின் கொள்ளளவையும் சட்டையின் நிறத்தையும் பற்றிப் பேசுகிற கல்லூரிக்கு எத்தனை நட்சத்திரம் போடலாம் என்பதை அந்த அம்மாவே முடிவு செய்துகொள்ளட்டும்!